பேசாத பெட்டியைப் பேச வைத்தல்



தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில், துணி போர்த்திய பழைய ரேடியோ செட் ஒன்று இன்றும் மூலையில் இருக்கும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. அதன்பின் வெளிமாநிலத் தமிழருக்குத் தாய்மொழியை நாள்தோறும் கொண்டு வந்து சேர்த்தவை இத்தகைய பெட்டிகளே. இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பையும் அவற்றில்தான் கேட்டோம். இன்று அவற்றுள் பல, பேசாது போய்விட்ட ஒரே குற்றத்துக்காகப் பழைய சாமான்காரரின் தராசில் ஏறுகின்றன. பேசாமைக்குக் காரணம் பெரும்பாலும் சில ரூபாய் விலையுள்ள ஒரு சிறு பாகமாகவே இருக்கும் என்பதையும், அதைக் கண்டுபிடிக்கும் முறை யாது என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன், கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். ஆயினும் இவ்வேலைக்கு முதலாவதாக வேண்டியது பட்டம் அன்று. பொறுமையும், ஒழுங்கான விசாரணையும், மின்சாரத்தினிடத்தில் அச்சமுமே.

பெங்களூரில் இதைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதே. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-இல் இந்நகரின் ஜாலஹள்ளிப் பகுதியில் நிறுவப்பெற்றது. அங்கே 1956-இல் செய்தித் தொடர்புச் சாதனங்களும், 1961-இல் ரேடியோ வால்வுகளும், 1962-இல் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களும் உற்பத்தியாகத் தொடங்கின. எஸ்.பி. ரோடு கடைகளில் இன்றும் கண்டென்ஸர், மின்தடை முதலிய சில்லறைப் பாகங்களைத் தேடி வாங்கலாம்.

நான் சிறப்பாக எடுத்துக்கொள்வது, பல அலைப் பகுதிகளையும் ஏற்கும் செய்தித் தொடர்பு ரிசீவரை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இத்தகைய ரிசீவர்கள் இராணுவ உபரிப் பொருள்களாக விற்கப்பட்டு, அமெச்சூர் வானொலி அன்பர்களின் கைக்கு வந்தன. அமெரிக்க ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஏ.ஆர். 88 அவற்றுள் பேர்பெற்ற ஒன்று. அதில் 14 வால்வுகள் உண்டு. அதன் ஒரு வகை 535 கிலோஹெர்ட்ஸ் முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை ஆறு பகுதிகளாகப் பிரித்து ஏற்கும். இவ்வகைப் பெட்டிகளுக்குச் சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை வீட்டு வால்வு ரேடியோவுக்கும் பொருந்தும்.

உள்ளே நடப்பது என்ன? ஏரியல் கொண்டு வரும் நிலையத்தின் அலையோடு, பெட்டி தானே உண்டாக்கும் மற்றோர் அலை கலக்கிறது. இரண்டின் வித்தியாசமாகிய நடு அலை, சாதாரணமாக 455 கிலோஹெர்ட்ஸ், பிறக்கிறது. அது பெருக்கப்பட்டு, பேச்சு பிரித்தெடுக்கப்பட்டு, ஒலிப் பகுதியில் வலுப்பெற்று, ஒலிபெருக்கியை அடைகிறது. இவை அனைத்துக்கும் உணவளிப்பது மின்வழங்கு பகுதி. ஆகவே விசாரணையை மின்வழங்கு பகுதியில் தொடங்கி, அடுத்து ஒலிப் பகுதி, பின்பு நடு அலைப் பகுதி, கடைசியில் ஏரியல் என்று பின்னோக்கிச் செல்வதே முறை.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வால்வு செட்டினுள் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்ஸர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். சில ஆயிரம் ஓம் மின்தடையொன்றைக் காப்பிட்ட கம்பிகளால் அவற்றின் முனைகளுக்கு நடுவே சேர்த்து, மின்சாரம் வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஓடும் செட்டைச் சோதிக்கையில் ஒரு கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இரு கைகளின் வழியே மின்சாரம் மார்பைக் கடக்க இடமிராது. டிரான்ஸ்பார்மர் இல்லாத சில வீட்டு ரேடியோக்களில் இரும்புச் சட்டமே மின் கம்பியோடு சேர்ந்திருக்கும். அவற்றைத் தொழில் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

பல்லாண்டு உறங்கிய செட்டை நேரே பிளக்கில் மாட்டுவது பெருந்தவறு. 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகச் சேர்த்து மின்சாரம் கொடுக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு, சில நிமிடங்களுக்குப் பிறகும் மங்கலாகவே நின்றால் பெரிய கேடில்லை என்று கொள்ளலாம். முழு ஒளியோடு எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பல்பு எரிந்ததனால் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது என்று மகிழ்ந்து, உடனே அணைத்துவிடுங்கள்.

செட்டைத் திறக்குமுன் குமிழ்களைப் பாருங்கள். செய்தித் தொடர்பு ரிசீவரில் குமிழ்கள் அதிகம். ஸ்டாண்ட்பை சுவிட்சு மாறியிருந்தால் ஒலி வராது. வானொலிப் பெருக்கக் குமிழ் குறைந்திருந்தால் நிலையங்கள் மறைந்துவிடும். மோர்ஸ் சங்கேதம் கேட்பதற்கென்று அமைந்த பி.எஃப்.ஓ. இயங்கிக்கொண்டிருந்தால், பாட்டு முழுவதும் ஒரு சீழ்க்கை கூடவே வரும். இவை நோயல்ல, கவனக்குறைவே.

விளக்கு எரியவில்லை என்றால் பியூஸ், சுவிட்சு, கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பியூஸ் மீண்டும் மீண்டும் போனால் தடித்த கம்பியைக் கட்டிவிடாதீர்கள். அது காவற்காரனைக் கட்டிப்போட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதாகும். விளக்கு எரிந்தும் சத்தமே இல்லையென்றால், உயர் வோல்ட் வருகிறதா என்று மீட்டர் கொண்டு பார்க்க வேண்டும். வராவிடில் ரெக்டிபயர் வால்வையும், அதையடுத்த வடிகட்டும் கண்டென்ஸரையும் சந்தேகிக்கலாம்.

ஒலியோடு இடைவிடாத ரீங்காரம் வருகிறதா? அதன் சுருதியே காரணத்தைச் சொல்லும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிபயருக்குப் பின் எஞ்சும் அதிர்வு 100 ஹெர்ட்ஸ். அது கேட்டால் வடிகட்டும் கண்டென்ஸர் வற்றியிருக்கலாம். இன்னும் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் சுருதியானால், வால்வு ஒன்றில் சூடேற்றும் இழையிலிருந்து கசிவு ஏற்பட்டிருக்கலாம்.

இனி, மிகுதியாகக் காணப்படும் நோய்க்கு வருவோம். செட் பேசுகிறது; ஆனால் குரல் கரகரத்துச் சிதைகிறது; கடைசி ஒலி வால்வு அளவு மீறிச் சுடுகிறது. அந்த வால்வின் கிரிட்டுக்கும் முந்திய வால்வின் பிளேட்டுக்கும் நடுவே ஒரு சிறு கண்டென்ஸர் இருக்கும், சாதாரணமாக 0.01 மைக்ரோஃபாரட் அளவினது. ஒலியை விட்டு, உயர் வோல்ட்டைத் தடுப்பது அதன் கடமை. பழைய செட்டுகளில் அது மெழுகுத் தாளால் ஆனது. ஈரம் புகுந்து கசியத் தொடங்கும். கிரிட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பூஜ்யமோ எதிர்மறை அளவோ காட்ட வேண்டும். நேர்மறையாக இரண்டொரு வோல்ட் காட்டினால் இந்தக் கண்டென்ஸரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் ஒரு காலைக் கழற்றியதும் அந்த வோல்ட் மறைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அதே அளவுள்ள 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்ஸரை அங்கே பற்றவைத்தால் குரல் தெளியும். இதைக் கவனியாது விட்டால் வால்வு அழியும். அதன்பின் கிடைத்தற்கரிய ஒலி டிரான்ஸ்பார்மரும் எரிந்து போகும். பல செட்டுகள் குப்பைக்குப் போன வரலாறு இதுவே.

ஒலிப் பகுதி சரியா என்று அறிய எளிய சோதனையுண்டு. காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால் ஒலியளவுக் குமிழின் நடு முனையைத் தொட்டால் உறுமல் கேட்க வேண்டும். கேட்டால் பழுது அதற்கு முந்திய பகுதியில் இருக்கிறது.

இரைச்சல் மட்டும் வந்து நிலையம் எதுவும் வரவில்லையென்றால், செட் தானே உண்டாக்க வேண்டிய அலை பிறக்கிறதா என்று பாருங்கள். செட்டை 600 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், அந்த அலை 455 கூட்டி 1055-இல் இருக்கும். அருகில் ஒரு சிறு டிரான்ஸிஸ்டர் ரேடியோவை 1055-க்கு அருகே திருப்பினால், அதன் இரைச்சல் ஓரிடத்தில் அடங்கும். அல்லது சீழ்க்கை எழும். எழாவிடில் அந்தப் பகுதியின் வால்வைப் பார்க்க வேண்டும். ஓர் அலைப் பகுதி மட்டும் ஊமையாகிப் பிற பகுதிகள் பேசினால், பேண்ட் சுவிட்சின் முனைகளில் அழுக்கேறியிருக்கும். முனை துடைக்கும் திரவத்தை அளவோடு விட்டுப் பல முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

நகரவாசிகளுக்கு இன்னொன்று. சிற்றலை முழுவதும் கடகடவென்று இரைந்தால் ஏரியலைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் அடங்கிவிட்டால் குற்றம் செட்டில் இல்லை, எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், இன்வர்ட்டர் ஆகியவை எழுப்பும் ஓசையே அது. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, ஏரியலைக் கட்டடத்தைவிட்டு விலக்கிக் கட்டினால் பெரிதும் குறையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உள்ளேயிருக்கும் நடு அலைச் சுருள்களின் திருகுகளைத் தொடாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டரை வைத்துச் சீராக்கிய அவை, தாமாக இடம் மாறுவது அரிது. ஊகத்தால் திருப்பிவிட்டால், சிறு கண்டென்ஸரால் தீர வேண்டிய நோய் பெரும் நோயாகிவிடும். சந்தேகம் ஏற்படும் இடத்தில் நிறுத்தி, பார்த்ததையும் அளந்ததையும் ஒரு தாளில் குறித்து, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். வால்வு வேலை அறிந்தோர் எண்ணிக்கையில் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே செட்டைக் காட்டிப் பழுது நீக்கிக்கொள்வது நல்லது. எடைக்குப் போட நினைத்த பெட்டியை ஒருமுறை இந்த வரிசைப்படி விசாரித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.