இழந்த கூலியும் வென்ற கோப்பையும்



19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் ரக்பி ஆடப் போனால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் கேட்ட கோரிக்கையை 1893இல் ரக்பி சங்கம் நிராகரித்தது. ‘காசுக்காக ஆடக் கூடாது’ என்பது எல்லோருக்கும் பொது விதியாம்! வசதி படைத்தவருக்கு அதில் என்ன நட்டம்?

1895இல் வடக்கின் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனி அமைப்பு கண்டன. அதில் 1905இல் யார்க்‌ஷயர் கோப்பை நாக்-அவுட் போட்டி தொடங்கியது. 1907–08 பருவத்தில் லீட்ஸின் தொழிலாளர் பகுதியான ஹன்ஸ்லெட்டின் அணி, இறுதிப் போட்டியில் ஹாலிஃபாக்ஸை 17–0 என வீழ்த்தியது. அந்தப் பருவத்தின் நான்கு கோப்பைகளையும் அதுவே அள்ளியது.

இவர்களிடம் இல்லாதிருந்தது திறமையா, ஒருநாள் கூலியா? ‘விதி எல்லோருக்கும் ஒன்றுதானே’ என்று யாராவது சொன்னால், அதற்கு விலை கொடுப்பது யார் என்று கேளுங்கள்.