கடைசி ஓவரும் கடைசி லோக்கலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்ல இன்றுவரை எனக்கு வரவில்லை. நான் விளையாட்டு வீரன் இல்லை, கோச் இல்லை, அம்பயரும் இல்லை. போட்டி பார்க்க வருகிறவர்களை உள்ளே விட்டு, உட்கார வைத்து, பத்திரமாக வெளியே அனுப்புகிற வேலை. என் தாயார் அக்கம்பக்கத்தில் "பையன் ஸ்டேடியத்துல டிக்கெட் கிழிக்கிறான்" என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. இப்போது இதற்கு 'ஃபேன் எக்ஸ்பீரியன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது, வேலை அதேதான்.

இந்தத் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்தது 1995 டிசம்பரில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். நேரு ஸ்டேடியத்தில் தொண்டர் வேலை. ஒரு தொப்பி, ஒரு அடையாள அட்டை, மதியம் ஒரு பொட்டலம். அங்கிருந்து கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ், கால்பந்து என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஆட்டங்களின் ஸ்கோரைக் கேட்டால் எனக்குத் தெரியாது. களத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பதுதான் என் வேலை.

அப்படி நின்று பார்க்கும்போது ஒன்று புரிந்தது. இரவு ஆட்டங்களில், பதினாறாவது பதினேழாவது ஓவர் வந்ததும் சிலர் வாட்சைப் பார்ப்பார்கள். ஆட்டம் உச்சத்தில் இருக்கும். ஆனாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனசில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்குவார்கள். யார் என்று விசாரித்தால் பாதிக்கு மேல் நம்ம பக்கத்து ஆட்கள்: கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி. சென்ட்ரலுக்குப் போய், மூர் மார்க்கெட் வளாகத்தில் ஓடி, கடைசி லோக்கலைப் பிடிக்க வேண்டும். பூந்தமல்லிக்காரர் கோயம்பேட்டிலோ வடபழனியிலோ வண்டியை நிறுத்திவிட்டு வந்திருப்பார். சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு இருபது ஓவர் என்றால், அதே காசு கொடுத்த ஆவடிக்காரருக்குப் பதினாறு ஓவர்தான்! எங்கள் தொழில் கூட்டங்களில் பெரிய திரை, வாணவேடிக்கை, டி.ஜே. என்று மணிக்கணக்காகப் பேசுவோம். இந்த நாலு ஓவரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வருகிற வழியும் அப்படித்தான். "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது சார், கடைசி அரை மணியில்தான் வந்து முட்டுவாங்க" என்று ஒரு போட்டி அமைப்பாளர் என்னிடம் அலுத்துக்கொண்டார். எந்த ஊர் போட்டி என்பது வேண்டாம். நான் சொன்னேன்: "அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடிகிறவன் ஏழு மணிக்கு முன்னால் எப்படி சார் வருவான்?" அவர் பதில் சொல்லவில்லை. ஒழுங்கு இல்லை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் கணக்குத்தான். விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கு இங்கிலாந்தில் 'க்ரீன் கைட்' என்று ஒரு வழிகாட்டி நூல் உண்டு. ஒரு சுழல்வாசல் வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்குப் போடாதே என்கிறது அது. பத்து வாசல் வைத்தால் மணிக்கு 6,600 பேர். அந்தப் பக்கத்து காலரிகளில் 12,000 பேர் என்றால் எல்லாரும் உள்ளே போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நம் ஊரில் பையைத் திறந்து பார்க்க வேண்டும், உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் போட வேண்டும். அந்த 660-ஐ எங்கே எட்டுவது? டாஸ் போட்ட பிறகு வாலாஜா சாலையிலும் பெல்ஸ் ரோட்டிலும் கூட்டம் நெருக்கினால் அதற்குக் காரணம் கூட்டம் மட்டும் இல்லை.

அந்த நூல் சும்மா எழுதப்பட்டதல்ல. 1971-ல் ஸ்காட்லாந்தில் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஆட்டம் முடிந்து இறங்கும் படிக்கட்டில் 66 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1973-ல் வந்ததுதான் அதன் முதல் பதிப்பு. அப்படியும் 1989-ல் ஹில்ஸ்பரோவில் 97 பேர் போனார்கள். நம் நாட்டில் 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டனில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் 16 பேர். 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர். அன்றைக்கு ஆட்டமே இல்லை, வெற்றி விழா. ஏறத்தாழ 35,000 பேர் கொள்கிற இடத்துக்கு லட்சக்கணக்கில் வந்துவிட்டார்கள். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டுமா வேண்டாமா என்பதே பலருக்குத் தெரியவில்லை.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளில் 'மிதிபட்டுச் சாவு' என்று எழுதுவார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நின்றபடியேதான் மூச்சு முட்டிப் போகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நாம் நம் இஷ்டத்துக்கு நகரலாம். ஆறு, ஏழு என்று போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அலை தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான், நெஞ்சு விரிய இடம் இருக்காது. பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவன் கெட்டவன் இல்லை, அவன் பாட்டுக்கு ஒரு அடி முன்னே வைக்கிறான். அதனால்தான் "கேட்டைத் திறக்கலாமா, மூடலாமா" என்பதைக் கேட்டில் நிற்கிறவன் தனியாக முடிவு செய்யக்கூடாது. கூட்டத்தின் பின்முனையைப் பார்க்கிற ஒருவனும், அவன் சொல்வதைக் கேட்கிற ஒருவனும் இருக்க வேண்டும். ஒரு வாக்கி டாக்கிக்கும் ஒரு ஏணிக்கும் ஆகிற செலவுதான்.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னை ரசிகர்களுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. 1997 மே மாதம் சயீத் அன்வர் 194 அடித்தபோது கை தட்டினோம். 1999 ஜனவரி 31, டெண்டுல்கர் 136 அடித்தும் பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். அழுதுகொண்டே எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினோம், அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அடுத்த மாதமே கல்கத்தாவில் அதே இரு அணிகளின் டெஸ்டில் கூட்டத்தை வெளியேற்றிவிட்டு, காலி ஸ்டேடியத்தில் ஆட்டத்தை முடிக்க வேண்டி வந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பெருமையால் நமக்கு நஷ்டமும் உண்டு. "மெட்ராஸ் கூட்டம் நல்ல கூட்டம், அனுசரிச்சுப் போயிடும்" என்று சொல்லியே தண்ணீர், கழிப்பறை, நிழல் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1986 செப்டம்பரில் 'டை' ஆன அந்த டெஸ்டில் டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டதை எல்லாரும் சொல்வார்கள். அதே வெயிலில் சிமெண்ட் காலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களின் கதையை யார் எழுதினார்கள்?

அனுசரித்துப் போகிற கூட்டத்துக்கு என்ன நேரும் என்பதை 2024 அக்டோபர் 6 அன்று பார்த்தோம். மெரினாவில் விமானப்படை சாகசக் காட்சி. விளையாட்டுப் போட்டி இல்லைதான், ஆனால் சேப்பாக்கத்துக்கு எதிரே உள்ள அதே கடற்கரை, அதே சாலைகள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நம் பக்கத்தார் பலர் குழந்தைகளோடு போயிருந்தார்கள். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்குவது அவர்கள் பழகிய வழி. அந்தச் சமயம் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அந்த ரயில் ஓடவில்லை. நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தியிருந்தார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29-ல். காட்சி முடிந்த பிறகு லட்சக்கணக்கானவர்கள் நடு மத்தியான வெயிலில் ஒரே நேரத்தில் வீடு திரும்பக் கிளம்பினார்கள். வானத்தில் நடந்ததற்கு எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள்! தரையில் நடக்க வேண்டியதற்கும் ஒரு ஒத்திகை வேண்டும்.

முடியாத காரியமா என்றால் இல்லை. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. ஏப்ரல் 19 அன்று ஆயிரம் பேர் அளவில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்ட்ரலில் இருந்து தனி ரயில் கிளம்பியது. நம்ம அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் போயிருக்கும்! 2023-ல் ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசம் என்றார்கள். மறு வருஷம் மாநகரப் பேருந்திலும் வந்தது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் ஏறி, சென்ட்ரலில் மாறி, திருமங்கலத்தில் இறங்கி பைக்கை எடுத்து வீட்டுக்குப் போகிற அம்பத்தூர் பையன்கள் இப்போது கடைசிப் பந்து வரை இருக்கிறார்கள். என் கண்ணால் பார்க்கிறேன். திரையும் வாணவேடிக்கையும் தராத சந்தோஷம் இது. ஆனால் லோக்கலை நம்பி வருகிற ஆவடிக்காரருக்கு இன்னும் விடிவு இல்லை. ஆட்டத்தன்று இரவு ஒரே ஒரு கூடுதல் வண்டி விட்டாலே போதும். இதற்கு நம் சங்கத்தின் பெயரில் ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறேன். வாசலில் மேஜை மேல் இருக்கிறது. நண்பர்கள் கையெழுத்திட வேண்டும்.

மாணவர்களில் சிலருக்கு இந்தத் தொழிலில் ஆசை இருப்பதாகச் செயலாளர் சொன்னார். சந்தோஷம். எம்.பி.ஏ. படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அடுத்த கல்லூரி விளையாட்டு விழாவில் ஒரு காரியம் செய்யுங்கள். நம் மைதானத்துக்கு எத்தனை வழி, ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம், எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் படித்த காலத்தில் பின்பக்கத்து கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது!

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.