பாட்டி போட்டோவும் ஒட்டிக்கிட்ட கண்ணாடியும்

இன்னிக்கு குட்டி எபிசோட். நான் பண்ண ஒரு தப்பு, நீங்க பண்ணாம இருக்கணும்.

பாட்டியோட ஒரே போட்டோ, மேட் பிரிண்ட். நெகட்டிவ் கிடையாது. ஃப்ரேம் கண்ணாடியில நேரா அழுத்தி வெச்சு, பாத்ரூமை ஒட்டின சுவர்ல மாட்டினேன். சென்னை மழைக்காலம் வேற. ஈரத்துல போட்டோவோட மேல்பூச்சு இளகி, கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிரிச்சு இழுத்தேன், புடவை ஓரம் கிழிஞ்சு வந்துருச்சு. முகம் தப்பிச்சது.

ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க. கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணுங்க.

சரி, கண்ணாடியே வேணாமா? மேட்ல வெளிச்சம் பட்டு கண்ணு கூசாதே! ஆனா விரல் எண்ணெயும் உரசல் தடமும் மேட்ல பதிஞ்சா போறது கஷ்டம். ஈரத்துணி போட்டுத் துடைக்கவும் கூடாது. அதனால கண்ணாடி வேணும், ஆனா போட்டோவைத் தொடக் கூடாது. நடுவுல ஜன்னல் மாதிரி வெட்டின ஆசிட்-ஃப்ரீ மவுண்ட் போர்டு வெச்சுத் தரச் சொல்லுங்க. சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி, அது போதும். பின்னாடி பசை பூச விடாதீங்க. மேல் ஓரத்துல மட்டும் ஆசிட்-ஃப்ரீ பேப்பர் டேப். லேமினேஷன் வேணவே வேணாம், திரும்ப எடுக்க முடியாது.

வெயில் நேரா விழற சுவரும் வேணாம். சாதாரண கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுசா தடுக்காது, போட்டோ வெளிறிடும்.

ஆபீஸ்ல பேக்கப் இல்லாம ஒரு ஃபைலைத் தொட மாட்டேன். பாட்டி விஷயத்துல மட்டும் அது தோணல. இப்போ சுவர்ல இருக்கறது ஸ்கேன்ல இருந்து போட்ட புது பிரிண்ட். ஒரிஜினல் பீரோவுல, கவருக்குள்ள.

முதல்ல ஸ்கேன், அப்புறம் ஆணி. அடுத்த வாரம் பார்க்கலாம்!