கெட்டுப்போன ஜாக்கெட்டையும் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பூவம் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பூவத்துலேருந்து வர்றேன். பத்தாவது வரை படிச்சிருக்கேன். வீட்டுல எங்களுக்கு வேண்டிய துணிமணிகளை நானே தைக்கிறேன். அதைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

நம்ம குழுக்கள்ல தையல் கத்துக்கிட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. கடன் வாங்கி மெஷின் போட்டவங்களும் உண்டு. ஆனால் சில வீடுகளில் அந்த மெஷின் மேல துவைச்ச துணியை மடிச்சு வச்சிருக்கு. ஏன்னு கேட்டா, "நல்ல துணியக் கெடுத்துட்டா வீட்டுல திட்டுவாங்கக்கா"ன்னு சொல்றாங்க. தையல் நின்னு போச்சு, தவணை நிக்கல. இந்தப் பயம் போகணும்.

நம்ம காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊர். தையல் மெஷினை ஆரம்பத்தில் செய்தவங்கள்ல ஒருத்தரும் பிரெஞ்சு தையல்காரர்தான். பேரு பார்தெலெமி திமோனியே. 1830-ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் மெஷின் ஒரே நூலில் சங்கிலித் தையல் போட்டது. நூல் ஒரு இடத்துல அறுந்தா மளமளன்னு உருவிக்கிட்டு வரும். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் மேல் நூல், கீழ் நூல்னு இரண்டும் பின்னிக்கொள்ளும் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் அதை இன்னும் திருத்தினார். மெஷினே இத்தனை பேர் கையில திருந்தித்தான் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு. நமக்கு மட்டும் முதல் ஜாக்கெட்டே கச்சிதமா வந்துடுமா?

தப்புல இரண்டு வகை இருக்கு. தைச்சதில் வரும் தப்பைப் பிரிச்சுடலாம், நூல்தான் நஷ்டம். வெட்டினதில் வரும் தப்பைப் பிரிக்க முடியாது. அதனால பயத்தை எல்லாம் கத்தரிக்கோல்கிட்ட வச்சுக்குங்க, மெஷின்கிட்ட வேண்டாம். பருத்தித் துணியை முதல்ல தண்ணியில ஊற வச்சு, காயவச்சு, தேய்ச்சு அப்புறம் வெட்டுங்க. இல்லன்னா தைச்ச பிறகு சுருங்கிடும். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் தாராளமா விடுங்க. பிடிச்சா பிரிச்சு விட்டுக்கலாம். முதல்ல கையால ஓட்டுத்தையல் போட்டு, உடுத்திப் பார்த்துட்டு, அப்புறம் மெஷின்ல ஏத்துங்க.

அப்பவும் தப்பு வரும். அடியில நூல் சிக்குச் சிக்கா நின்னா, மேல் நூல் சரியாக் கோக்கலையான்னு பாருங்க. தையல் விட்டு விட்டு விழுந்தா, ஊசி வளைஞ்சிருக்கா, திருப்பிப் பூட்டியிருக்கான்னு பாருங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரி மெஷினைத் திட்ட வேண்டாம். கழுத்து அகலமாப் போனா பின்னால நாடா வச்சுக் கட்டலாம். நீளம் குறைஞ்சா கீழே பட்டி வைக்கலாம். கை தூக்க முடியாம இறுக்கினா, அக்குளில் சின்னச் சதுரத் துண்டு ஒட்டுக் கொடுத்தாப் போதும். ஒட்டுப் போட்டது கௌரவக் குறைச்சல் இல்ல. அந்த ஒட்டைப் போடத் தெரிஞ்சவதான் தையல் தெரிஞ்சவ.

பழைய புடவையில ஆரம்பிங்க. தலையணை உறை, உள்பாவாடை, நைட்டி, அப்புறம் ஜாக்கெட்னு ஒவ்வொண்ணாப் போங்க. அடுத்தவங்க துணிக்குக் கூலி வாங்கினா அங்கே தப்புக்கு இடமில்ல. பிரிச்சுத் தைக்கிறதை எல்லாம் நம்ம துணியிலயே பழகிக்கணும். அதுக்குத்தான் சொந்தத் துணி தைக்கிறது.

வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் ஒரு வார்த்தை. சோறு குழைஞ்சதுக்காக அடுப்பை மூடி வைக்கச் சொல்றோமா? கோணத் தையலுக்காக மட்டும் ஏன் மெஷினை மூடச் சொல்லணும்?

கடைசியா ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பணம் கொண்டு வர்ற மாதிரி, கெட்டுப்போன ஜாக்கெட்டையும் கொண்டு வாங்க. பத்துப் பேர் பார்த்தா ஒருத்திக்காவது வழி தெரியும். ஒருத்தி ஜாக்கெட்டைப் பிரிக்கும்போது மத்த ஒன்பது பேரும் கத்துக்குவாங்க. அடுத்த ஆண்டு விழாவுக்கு நாம தைச்சதை நாமே உடுத்திக்கிட்டு வருவோம். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருந்தாலும் பரவாயில்ல, வாங்க.