மதுவிலக்கு வரலாறு காத்தோர்க்கு நம் வணக்கம்



மதுவிலக்குக்காகப் பாடுபட்டோரைப் போற்றுவார் பலர். அவர்தம் வரலாற்றைக் கரையானுக்கு இரையாகாமற் காத்தோரை நாம் இன்று வணங்குவோம்.

1929இல் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி 'விமோசனம்' என்னும் மாத இதழை நடத்தினார். கல்கி துணை நின்றார். குடியின் கேட்டை எடுத்துரைத்த அப்பத்திரிகை பத்தே இதழ்களோடு நின்றது. பழைய காகிதக்காரனின் தராசில் பத்து இதழ் எம்மாத்திரம்? கல்கியின் வரலாறாகிய 'பொன்னியின் புதல்வ'ரை எழுதிய சுந்தா போன்றோர் அந்நாட்களைப் பதிந்து வைத்தனர். 1937 அக்டோபர் 1இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்ததைச் சர்க்கார் ஏடு சொல்லும். அதற்கு முன் மக்கள் மனத்தைப் பண்படுத்திய உழைப்பைச் சொல்லாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பிறர் கழித்த இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடிச் சேர்த்தார். ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள்! அவர் மறைந்தபின், 1994இல், அவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

நெல்லூர் ஜில்லா தூபகுண்டாவில் 1992இல் பெண்கள் சாராயக்கடையை மூடச் செய்தனர். எழுத்தறிவு வகுப்பிற் படித்த கதையொன்று அவ்வெழுச்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். 1993 அக்டோபர் 1இல் ஆந்திரத்தில் சாராயம் ஒழிந்தது. 1995இல் வந்த முழு மதுவிலக்கோ 1997இல் போயிற்று. அப்பெண்களின் பெயரும் அதனோடு போகலாமா?

இரயில்வேயில் பழைய ரசீதுக்கும் கட்டும் எண்ணும் உண்டு. நம் சங்கத்துப் பழைய மலர்களோ மூட்டையிற் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பட்டியல் எழுத ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தரக்கூடிய இளைஞர் நால்வர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.