வயலின் விற்பன்னர் யோசெப் சிகெட்டி

ஐரோப்பிய சங்கீத உலகிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் பாலமேதைகளின் காலமாயிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் பெரியோரும் அஞ்சும் உருப்படிகளை மேடையில் வாசிப்பர். சபையோர் கண்கொட்டாது பார்த்திருப்பர். இத்தகைய சிறுவர் பலரை உருவாக்கிய இடம் ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்ட். அங்கே இசைக் கல்லூரியில் வயலின் கற்பித்தவர் யேனோ ஹுபாய் என்பவர். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரே யோசெப் சிகெட்டி.

சிகெட்டி 1892ஆம் ஆண்டு புடாபெஸ்டில் பிறந்தார். மூன்று வயதிலே தாயை இழந்து, கார்ப்பாத்திய மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலே பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். அவ்வூர் வாத்தியக் குழுவில் இருந்தோர் பெரும்பாலும் அவருடைய மாமன்மாரே. முதற் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவரும் ஒரு மாமன்தான்.

1905இல், 13 வயதில், பேர்லின் நகரில் அவர் அரங்கேறினார். அடுத்த ஆண்டு பிராங்க்போர்ட்டில் ஒரு சர்க்கஸிலே புனைபெயருடன் வாசிக்க நேர்ந்தது. வித்தைக்காரரோடு வித்தைக்காரராய் வயலினும் ஒரு வேடிக்கையாயிற்று! பாலமேதைகள் பலருடைய கதை இவ்விடத்திலேயே முடிந்துவிடுவதுண்டு. மீசை அரும்பியதும் சபையோரின் வியப்பு அற்றுவிடும்.

சிகெட்டியை வேறு வழியில் திருப்பியவர் இத்தாலியப் பியானோ மேதை புசோனி. விரல்களின் வேகத்தைப் புகழ்வதற்கு அவர் ஆயத்தமாயில்லை. பாஹ் இயற்றிய 'ஷக்கோன்' என்னும் உருப்படியை எடுத்து, அதன் ஒவ்வோர் அங்கமும் ஏன் அவ்வாறு அமைந்தது என்று இளைஞரைச் சிந்திக்க வைத்தார். துணை வாத்தியம் ஏதுமின்றித் தனி வயலினில் ஏறத்தாழக் கால் மணி நேரம் வாசிக்க வேண்டிய உருப்படி அது. பேர்லின் அரங்கேற்றத்திலும் சிகெட்டி அதனை வாசித்திருந்தார். வாசித்தல் வேறு, அறிந்து வாசித்தல் வேறு என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலனாயிற்று.

1913இல் காசநோய் பீடித்தது. சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகர வைத்தியசாலையில், நாளொன்றுக்கு அரைமணி நேரமே வயலினைத் தொட வைத்தியர் அனுமதித்தார். நோய் தெளிந்து 1917இல் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியரானபோது அவருக்கு வயது 25.

அதன்பின் அவர் தேடிச் சென்றது சபையோர் விரும்பிய பழைய இனிப்புகளையல்ல. தம் காலத்துப் புதிய சாகித்தியங்களை. ரஷ்யரான புரொக்கோபியேவின் முதலாவது வயலின் கொன்செர்டோ 1923இல் பாரிஸில் அரங்கேறிய வேளை, வரவேற்பு மந்தமாகவே இருந்தது. சிகெட்டி அதனை ஊரூராக எடுத்துச் சென்று வாசித்தார். அவரது பாஹ் வாசிப்பைக் கேட்ட பெல்ஜிய வயலின் மேதை இசாயி, தனி வயலினுக்கென ஆறு சொனாட்டாக்கள் இயற்றி, முதலாவதைச் சிகெட்டிக்கே உரிமையாக்கினார். அமெரிக்காவிலோ, பேத்தோவனின் 'குரொய்ற்சர்' சொனாட்டா சபையோருக்குச் சலிப்பூட்டுகிறதென்று கச்சேரி முகவர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். சிகெட்டி அதனைக் கைவிடவில்லை.

அவருடைய வாழ்வில் மிகவும் நினைக்கத்தக்கது பேலா பார்ட்டோக்குடன் கொண்ட நட்பு. பார்ட்டோக் 1928இல் எழுதிய முதலாவது ராப்சொடி சிகெட்டிக்கு உரியது. 1940 ஏப்ரலில் இருவரும் வாஷிங்டனிலே, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்து வாசித்தனர். நற்காலமாக அது ஒலிப்பதிவாகியது. அவ்வாண்டே போரின் காரணமாக இருவரும் அமெரிக்காவில் குடியேறினர். 1943இல் பார்ட்டோக் நியூயோர்க் வைத்தியசாலையில், கையில் பொருளின்றிக் கிடந்தார். தானமாக எதையும் ஏற்கும் இயல்பினர் அல்லர் அவர். ஆகவே, சிகெட்டியும் மற்றொரு ஹங்கேரியரான பிரிட்ஸ் ரைனரும் பொஸ்டன் இசைக்குழுத் தலைவர் குசெவிட்ஸ்கியை அணுகி, புதிய சாகித்தியம் ஒன்றை எழுதும்படி நோயாளியையே கேட்கச் செய்தனர். தாம் தூண்டியதைப் பார்ட்டோக்குக்குத் தெரிவிக்கவுமில்லை. அவ்வாறு பிறந்ததே 'இசைக்குழுவுக்கான கொன்செர்டோ'. 1944 டிசம்பரில் அது அரங்கேறிற்று. மறு ஆண்டு செப்டெம்பரில் பார்ட்டோக் காலமானார்.

சிகெட்டியின் ஒலி எல்லார் செவிக்கும் இனித்ததென்று கூற முடியாது. முழங்கையை உடலோடு ஒட்டி வில்லைப் பிடிக்கும் பழைய முறையே அவருடையது. முதுமையில் மூட்டுவாதம் கைகளைத் தாக்கியது. அந்நிலையிலும், அறுபது கடந்தபின், 1955-56இல் பாஹ்வின் தனி வயலின் உருப்படிகள் ஆறையும் இசைத்தட்டுகளிற் பதிவு செய்தார். 'ஷக்கோன்' அவற்றுள் ஒன்றின் பகுதி. வில் தந்தியிலே உராயும் ஓசை ஆங்காங்கே கரடாகக் கேட்கிறது. கை நடுங்கும் இடங்களும் உண்டு. எனினும், ஒரு சுரம் அடுத்த சுரத்தை ஏன் நாடுகிறது என்பது வேறெவர் வாசிப்பிலும் இத்துணைத் தெளிவாகக் கேட்பதில்லை.

1960இல் சுவிற்சர்லாந்துக்கு மீண்ட அவர், 1973 பெப்ரவரியில் லூசேர்ன் நகரிற் காலமாகும்வரை, தம்மை நாடி வந்த இளம் வயலின் கலைஞருக்குப் பாடஞ் சொல்லி வந்தார்.