சாதி நாய்க்கு வந்த சோதனை

(சாணார்பட்டியில் மாலை நேரப் பள்ளிப் பிள்ளைகள், பெற்றோர், தோழர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னாடி பேசின தோழர் பஞ்சமி நிலத்தைப் பத்திப் பேசினார். அவருக்கு முன்னாடி பேசினவர் இடஒதுக்கீட்டைப் பத்திப் பேசினார். நான் ஒரு நாய்ப் படத்தைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்கிறீங்க. சிரிங்க. ‘நிலம் போச்சு, வேலை போச்சு, இவன் கார்ட்டூனைப் பத்திப் பேச வந்துட்டான்’னு நினைக்கலாம். ஆனா நிலம் போனது நமக்குத் தெரியுது, சண்டை போடுறோம். நம்ம பிள்ளை மனசுக்குள்ள ஒண்ணு போய் உட்காருறது நமக்குத் தெரியிறதில்லை. அதுவும் அது சிரிக்கச் சிரிக்க உள்ளே போகுது.

விஷயத்துக்கு வர்றேன். போன கோடை விடுமுறையில நம்ம காலனியில பிள்ளைகளுக்கு ஒரு முகாம் போட்டோம். கடைசி நாள் ராத்திரி ஒரு படம் போடணும்னு பிள்ளைக கேட்டாங்க. புரொஜக்டர் இரவல் வாங்கி, சமுதாயக் கூடத்துச் சுவத்துல வேட்டியைக் கட்டிப் படம் போட்டோம். படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அந்தத் தப்புக்கு நானே பொறுப்பு.

படத்தின் பேர் ‘ரோட்சைட் ரோமியோ’. இந்திப் படம். 2008 அக்டோபர்ல தீபாவளிக்கு வந்தது. யஷ்ராஜ் பிலிம்ஸும் அமெரிக்காவின் டிஸ்னியும் சேர்ந்து எடுத்தது. ஜுகல் ஹன்ஸ்ராஜ் இயக்கினார். டாடா எல்க்ஸி நிறுவனத்தின் கலைஞர்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கின அசைவூட்டப் படம். அந்த வருஷத்துச் சிறந்த அசைவூட்டப் படம்னு தேசிய விருதும் வாங்குச்சு.

இதை ஏன் எடுத்தேன்? ரெண்டு காரணம். ஒண்ணு, யஷ்ராஜ் மேல எனக்கு ஒரு மரியாதை. 1975ல தன்பாத் பக்கம் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துல தண்ணி புகுந்து நூத்துக்கணக்கான தொழிலாளிக செத்தாங்க. அதை மனசுல வச்சு 1979ல ‘காலா பத்தர்’ எடுத்த கம்பெனி அது. மண்ணுக்குக் கீழே வேலை பாக்கிறவன் முகத்தைத் திரையில காட்டினவங்க, தெருவுல கிடக்கிறவனையும் காட்டுவாங்கன்னு நம்பினேன். ரெண்டாவது, இது பம்பாய்த் தெருவைப் பத்தின கதை. எங்கய்யா திண்டுக்கல்ல தோல் ஷாப்புல வேலை பாத்தவர். அவர் கூட்டாளி ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் பம்பாய் போனேன். தாராவியில நாலு வருஷம் பெல்ட் தைச்சேன். இந்தி அங்கே கத்துக்கிட்டதுதான். நான் படுத்துத் தூங்கின தெரு படத்துல வரும், பிள்ளைகளுக்குக் காட்டலாம்னு ஒரு ஆசை. படத்தைப் பாக்காமலே போட்டேன். பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

கதை இதுதான். ரோமியோன்னு ஒரு நாய். பெரிய பங்களாவுல மெத்தையில வளருது. வீட்டுக்காரங்க லண்டனுக்குக் குடிபோறாங்க. நாயைத் தெருவுல விட்டுட்டுப் போயிடுறாங்க. தெரு நாய்க அதைச் சூழ்ந்துக்கிட்டு மிரட்டுதுக. ரோமியோ தன் கைத்திறமையைக் காட்டுது. தெரு நாய்களுக்கு முடி அலங்காரம் பண்ணி விடுது. அப்புறம் அதுதான் அந்தக் கூட்டத்துக்கு நாயகன். லைலான்னு ஒரு நடனக்கார நாய் மேல அதுக்குக் காதல். அந்தத் தெருவை மிரட்டி வச்சிருக்கிற தாதா நாய் ஒண்ணு குறுக்கே நிக்குது. அதோட பேர் சார்லி அண்ணா.

படம் மோசமா இருந்துச்சுன்னு நான் சொல்லல. நாய்களோட மயிர் காத்துல அசையிறதைப் பாத்துப் பிள்ளைக வாயைப் பிளந்தாங்க. சயீப் அலி கான் ரோமியோவுக்குக் குரல் கொடுத்திருக்கார், கரீனா கபூர் லைலாவுக்கு. சார்லி அண்ணாவுக்கு ஜாவேத் ஜாப்ரி. அந்தக் குரலுக்கு நானும் சிரிச்சேன். நல்லாவே சிரிச்சேன்.

படம் முடிஞ்சு வேட்டியை அவுத்துக்கிட்டிருக்கோம். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை வந்து கேட்டா: ‘அண்ணே, அந்த நாயி ரோட்டுக்கு வந்துருச்சுன்னு படம் எடுத்துருக்காக. மத்த நாயெல்லாம் ரோட்டுலதான பொறந்துச்சு? அதுக்கு யாருண்ணே படம் எடுப்பா?’

எனக்குப் பதில் வரல. அன்னைக்கு ராத்திரி தூக்கமும் வரல. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இப்ப உங்க முன்னாடி நிக்கிறேன்.

அந்தப் பிள்ளை என்ன கண்டுபிடிச்சிருக்கா பாருங்க. இந்தப் படத்துல தெருங்கிறது ஒரு விபத்து. பங்களாவில இருந்தவனுக்கு நேர்ந்த விபத்து. அதனாலதான் அது கதை. தெருவிலேயே பிறந்தவனுக்கு அது விபத்து இல்லை, இயல்பு. இயல்புல கதை இல்லைன்னு பொதுப்புத்தி நினைக்குது. அதனால தெரு நாய்க வேடிக்கை காட்டவும், பின்பாட்டுப் பாடவும், முடி வெட்டிக்கவும் மட்டும் வருதுக. தெருவில பத்து வருஷமாப் பிழைக்கிற நாய்க்குத் தெரியாத பிழைப்பு, நேத்து வந்த பங்களா நாய்க்குத் தெரியுமாம். அது வந்துதான் இதுகளை அழகுபடுத்தணுமாம். இதே கதையை நாம எத்தனை தடவை கேட்டிருக்கோம்? சேரிக்கு வந்து குளிப்பாட்டி விட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டவங்க எத்தனை பேரு!

முடி வெட்டுறதுன்னதும் இன்னொண்ணு. நம்ம ஆள் சலூன் நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்த ஊர்களை நமக்குத் தெரியும். முடி வெட்டிக்க டவுனுக்குப் பஸ் ஏறின பெருசுக இந்தக் கூட்டத்துலேயே இருக்கீங்க. அந்த நாற்காலிக்குப் பின்னால இருக்கிற வரலாறு எதுவும் தெரியாம, அது இங்கே வெறும் தமாஷா ஆகிப்போச்சு.

அடுத்தது சார்லி அண்ணா. அவன் பேசுறது தென்னாட்டு வாடை அடிக்கிற இந்தி. பேரிலேயே ‘அண்ணா’ இருக்கு. பம்பாய்ல 1966ல சிவசேனை ஆரம்பிச்சப்போ முதல் எதிரி யாரு? மதராசி. லுங்கி கட்டினவன், கறுப்பா இருக்கிறவன், நம்ம ஆளு. அடிச்சு விரட்டினாங்க. அப்புறம் இந்தி சினிமாவில அந்த மதராசி ரெண்டு வேஷத்துல வந்தான். ஒண்ணு கோமாளி, இன்னொண்ணு ரவுடி. சார்லி அண்ணா ரெண்டும் சேர்ந்தவன். தாராவியில எங்கூட இருந்தவங்களில் பாதிப்பேர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன ஆதிதிராவிடர்கள். தோல் உரிச்சாங்க, பதப்படுத்தினாங்க, தைச்சாங்க, சாக்கடை அள்ளினாங்க. அந்த மனுசங்க குரல் எப்படிப்பட்ட வாயிலிருந்து வருது பாத்தீங்களா? மத்த நாய்களை மிரட்டுற நாய் வாயிலிருந்து. அதுக்கு நான் சிரிச்சேன்னு சொன்னேன்ல, அந்தச் சிரிப்பு எனக்குள்ள எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிக்கிறேன். என் குரலையே நான் கேலியாக் கேக்கப் பழகியிருக்கேன்.

பம்பாயின் உண்மையான தெருக்கதை ஒண்ணு சொல்றேன். இது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கு. சேலத்துக்காரர் ஒருத்தர், நிலமில்லாத கூலி. வறட்சியில வேலை இல்லாம 1961ல பம்பாய் போனார். நடைபாதையில குடிசை போட்டுக்கிட்டுக் குடும்பத்தோட இருந்தார். 1981 ஜூலை, கொட்டுற மழையில, மாநகராட்சிக்காரங்க குடிசையைப் பிரிச்சுப் போட்டாங்க. அவரையும் பெண்டு பிள்ளைகளையும் சேலத்துக்குப் பஸ் ஏத்தி விட்டாங்க. நாயைப் பிடிச்சு ஊருக்கு வெளியே விடுறாப்புல. அவர் என்ன செஞ்சார் தெரியுமா? குடும்பத்தைச் சேலத்துல விட்டுட்டுத் திரும்பவும் பம்பாய் போய், திரும்பவும் நடைபாதையிலேயே படுத்தார். வேலை அங்கேதானே இருக்கு!

ஓல்கா டெல்லிஸ் வழக்குன்னு சட்டம் படிக்கிற தம்பிக எல்லாரும் படிக்கிறீங்களே, அதுல இவரும் ஒரு மனுதாரர். 1985 ஜூலை 10ல தீர்ப்பு வந்துச்சு. உயிர் வாழும் உரிமைக்குள்ள பிழைப்புக்கான உரிமையும் அடங்கும்னு சொன்னாங்க. பெரிய வார்த்தை. ஆனா அதே தீர்ப்பு, அக்டோபர் 31க்கு அப்புறம் அந்த நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம்னும் சொல்லுச்சு. பங்களாவிலிருந்து தெருவுக்கு வந்த நாய்க்குக் கோடிக்கணக்குல படம். தெருவிலிருந்தும் தூக்கி எறியப்பட்ட மனுசனுக்கு ஒரு தீர்ப்பில நாலு வரி. யஷ்ராஜ்கிட்ட நான் எதிர்பாத்தது இந்த நாலு வரியோட நிழலாவது படத்துல விழும்னுதான். விழல. அதுதான் என் ஏமாற்றம்.

இப்ப நாய்க்கு வருவோம். நல்ல விலையுள்ள நாயை நாம என்னன்னு சொல்றோம்? ‘சாதி நாய்’. சத்தமாச் சொல்லுங்க. நாய்க்கும் சாதி வச்சது யாரு? தெருவில திரியிற நாய்க்கு வெள்ளைக்காரன் என்ன பேர் வச்சான் தெரியுமா? ‘பரையா டாக்’. நம்ம மக்கள்ல ஒரு பிரிவோட பேரை எடுத்து நாய்க்கு வச்சு, அகராதியிலும் ஏத்திட்டான். அவனுக்கு அந்தச் சொல்லையும் அதோட இழிவையும் கத்துக் கொடுத்தவங்க இங்கே இருந்தாங்க. 1927 மார்ச் 20ல பாபாசாகேப் மகாத் குளத்துல இறங்கித் தண்ணி குடிச்சாரே, அந்தக் குளத்துல ஆடு மாடு நாய் எல்லாம் வாய் வைக்கலாம், நம்ம ஆள் மட்டும் கை வைக்கக் கூடாது.

இன்னொரு செய்தி. தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாதுங்கிற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செஞ்சிருக்கு. காரணம் கேட்டா வெட்கக்கேடு. சேரி ஆண் நாய் ஊர்த்தெருவுக்குப் போய் அங்கிருக்கிற பெட்டை நாயோட சேர்ந்துருமாம். நாயைச் சொல்லிப் பயப்படுறது நாய்க்காகவா? இல்லை தோழர்களே, அது மனுசனைப் பத்தின பயம்.

அதனாலதான் ‘ரோட்சைட் ரோமியோ’ங்கிற பேர் எனக்கு உறுத்துது. நம்ம நாட்டு இங்கிலீஷ்ல அதுக்கு என்ன அர்த்தம்? தெருமுனையில நின்னு பொண்ணுகளைச் சீண்டுறவன். பங்களா நாய்க்கு அந்தப் பேர் வச்சா அழகு, குடும்பத்தோட சிரிச்சுப் பாக்கலாம். நம்ம தம்பிக ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டினா? அதையே குற்றமா மேடை போட்டுப் பேசினாங்க 2012ல. அந்த வருஷம் நவம்பர் 7ல நத்தம் காலனி எரிஞ்சுச்சு. நம்ம நத்தம் இல்லை, தருமபுரி நத்தம். 2013 ஜூலையில இளவரசன் தண்டவாளத்து ஓரத்துல பிணமாக் கிடந்தார். 2015ல கோகுல்ராஜும் தண்டவாளத்துல. 2016 மார்ச் 13ல உடுமலைப்பேட்டையில பட்டப்பகல்ல சங்கரை வெட்டினாங்க. யாரு ரோமியோவா இருக்கலாம், யாரு இருக்கக் கூடாதுங்கிறது இந்த நாட்டுல சாதி பாத்துத்தான் முடிவாகுது. இது தெரிஞ்சவன் அந்தப் படத்துக்கு எப்படிச் சிரிப்பான்?

‘குழந்தைகள் படத்துல இவ்வளவு பாரத்தை ஏத்தலாமா?’ன்னு ஒரு தோழர் என்கிட்ட கேட்டார். நியாயமான கேள்வி. குழந்தைகளுக்கு ஒப்பாரி வேணாம், ஒத்துக்கிறேன். ஆனா நாயை வச்சு உண்மையைச் சொல்ல முடியும்னு நம்ம ஆள் ஒருத்தர் காட்டியிருக்கார். 2018ல மாரி செல்வராஜ் எடுத்த ‘பரியேறும் பெருமாள்’. அதுல கருப்பி கோமாளி இல்லை. வேட்டைக்கு வந்த துணை, வீட்டுப் பிள்ளை. அவளைத் தண்டவாளத்துல கட்டிப்போட்டுக் கொன்னது யாருக்கு விட்ட எச்சரிக்கைன்னு படம் பாத்த சின்னப் பிள்ளைக்கும் புரிஞ்சுச்சு. பெரிய கம்பெனியிடம் காசு இருந்துச்சு, கணினி இருந்துச்சு, கலைஞர்கள் இருந்தாங்க. தெருவைத் தெருவிலிருந்து பாக்கிற கண்ணு மட்டும் இல்லாமப் போச்சு.

சரி, குறை சொல்லிட்டோம். நாம என்ன செஞ்சோம்? மறுநாள் காலையில பிள்ளைகளை உக்கார வச்சு அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை எல்லாருக்கும் சொன்னேன். ‘ரோட்டுல பொறந்த நாய்க்கு நீங்க படம் எடுங்க’ன்னேன். கணினி இல்லை. நாப்பது பக்க நோட்டு இருந்துச்சு. ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வரைஞ்சு, விரலால சடசடன்னு புரட்டினா நாய் ஓடும். டிஸ்னிக்காரனும் அடிப்படையில அதைத்தான் செய்யுறான்.

ஒரு பையன் வரைஞ்ச நாய் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துல அவங்கம்மா தூக்குச் சட்டிக்குக் காவல் இருக்கு. இன்னொருத்தன் நாய் மாந்தோப்புக் காவக்காரனுக்குத் தண்ணி காட்டிட்டு ஓடுது. கேள்வி கேட்ட பிள்ளை நோட்டைப் புரட்டினேன். நாய் நடந்து போகுது, ஊரைத் தாண்டுது, குளத்துல இறங்கித் தண்ணி குடிக்குது. பக்கத்துல ஒரு ஆள் குனிஞ்சு தண்ணி குடிக்கிற மாதிரி இருந்துச்சு. ‘கூட யாரும்மா?’ன்னு கேட்டேன். ‘நான்தேன்’னா.

அந்த நோட்டுக இருபத்து மூணு இந்த மேசை மேல இருக்கு. போறப்ப எல்லாரும் ஒரு தடவை புரட்டிப் பாத்துட்டுப் போங்க. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி உக்காருறோம். காசு கேக்கல, ஆளுக்கு ரெண்டு நோட்டும் ஒரு பென்சிலும் வாங்கித் தாங்க. காலேஜ் படிக்கிற தம்பிக, செல்போன்லயே இந்தப் படங்களைப் பிடிச்சு ஓட விடலாமாமே, அந்த வேலை தெரிஞ்சவங்க கை தூக்குங்க. பேரை எழுதிக்கிறேன்.

ஜெய் பீம்.